பழைய காரையில் புதுக் குளம்பு

குதிரையை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதிதாக நிறுத்திவிடலாம் என்றுதான் ஊர்க்கூட்டத்தில் முதலில் பேச்சு ஓடியது. மன்னார்குடி வட்டாரத்தில், பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஐயனார் கோயில் திடலில், வெட்டவெளியில் நிற்கிற சுதைக் குதிரை அது; செங்கல்மேல் சுண்ணாம்புக் காரை பூசி வடித்தது. பத்தடிக்கு மேல் உயரம். முன்னங்கால்களைத் தூக்கியபடி நிற்கும்; வயிற்றுக்கு அடியில் இரண்டு பூதங்கள் முட்டுக் கொடுத்திருக்கும். வலது காதும் கீழ்த்தாடையும் எப்போதோ விழுந்துவிட்டன. பின்னங்கால்கள் இரண்டிலும் காரை உதிர்ந்து செங்கல் வெளியே தெரிந்தது. கும்பாபிஷேகத்துக்கு நாள் பார்க்கிற பேச்சு எழுந்ததும் எல்லோர் கண்ணிலும் அந்தக் கால்தான் பட்டது.

மதிப்பீடு போட்டுக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். நான் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறவன். சிமென்ட் மூட்டையில்தான் என் பிழைப்பு. கான்கிரீட் குதிரைக்குக் கணக்குப் போடுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் இடிப்பதற்கு முன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். சுத்தியலின் மரப்பிடியால் கால் தொடங்கிக் கழுத்து வரை தட்டிக்கொண்டே போனேன். நெஞ்சிலும் முதுகிலும் கெட்டியான சத்தம் வந்தது. விலாவிலும் தொடையிலும் சில இடங்களில் மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தது. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த ஓர் இடத்தில் உளியின் நுனியை வைத்து நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓடு பெயர்ந்து வந்தது. அது சிமென்ட். அதன் முதுகில் மாவுபோல வெள்ளை உப்பு. அதற்குப் பின்னால் பழைய சுண்ணாம்புக் காரை, அங்கங்கே பொரிந்திருந்தாலும், செங்கல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அதாவது குதிரைக்கு வயதானதால் வந்த கேடு அல்ல அது. அதைப் பழுதுபார்த்ததால் வந்த கேடு.

சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் அதிகம். மழையில் குடிக்கிற தண்ணீரை வெயிலில் ஆவியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் அரை அங்குலத்துக்குச் சிமென்ட் பூசி, அதற்கும் மேலே எனாமல் பெயின்ட் அடித்தால் தண்ணீருக்கு வெளியே போகும் வழி அடைபடும். உள்ளே வருகிற வழி மட்டும் அடைபடாது. மயிரிழை விரிசல் ஒன்று போதும். உள்ளே தங்கிய ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சிமென்ட்டின் பின்புறம் வரை வரும். அங்கே காயும்போது உப்பு படிகமாகிப் பருத்துத் தோலைத் தள்ளும். போதாக்குறைக்கு, திடலுக்குத் தளம் போட்டபோது பீடத்தை ஒட்டிக் கான்கிரீட்டை ஊற்றிவிட்டார்கள். எங்கள் மண் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் ஊறிக் கிடக்கும். முன்பெல்லாம் அந்த ஈரம் பீடத்தைச் சுற்றியிருந்த வெறுந்தரை வழியாகவே காற்றில் போய்விடும். தளம் வந்த பிறகு அதற்குக் கிடைத்த ஒரே வழி குதிரையின் கால்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். "அப்படியென்றால் சிமென்ட் கெட்டதா?" என்று ஒருவர் கேட்டார். கெட்டது இல்லை, அந்த உடம்புக்கு ஆகாது, அவ்வளவுதான். இடிக்க ஆகும் கூலி, குப்பை அள்ளும் டிராக்டர் வாடகை, புதிய கம்பி, ஜல்லி எல்லாவற்றையும் எழுதிக் காட்டிய பிறகுதான் செப்பனிடும் யோசனைக்குச் செவி சாய்த்தார்கள். கலையைக் காப்பாற்றுவது என்று பேசியிருந்தால் அன்றைக்கே இடித்திருப்பார்கள்.

சுதை வேலைக்குக் கும்பகோணம் பக்கத்திலிருந்து வயதான மேஸ்திரி ஒருவர் வந்தார். கோபுரங்களில் சாரம் ஏறியே காலம் கழித்தவர். குதிரையைச் சுற்றி வந்தார், காலடியில் கிடந்த காரைக் குப்பையைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். "தம்பி, இந்தத் திடலை விட்டு ஒரு சட்டி குப்பைகூட வெளியே போகக் கூடாது. எது எதற்கு ஆகும் என்று நான் சொல்கிறேன்" என்றார். அவர் சொன்னது கூலிக்காரர்களுக்கான கட்டளை. எனக்கு அதுவே வேலைத்திட்டமாக அமைந்தது.

திருப்பணிக்கு முன் சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்கும் பாலாலயச் சடங்கு முடிந்து, சம்பா அறுவடை ஓய்ந்ததும் வேலையைத் தொடங்கினோம். சுண்ணாம்புக்கு அதுதான் பருவம். மழைக்காலத்தில் காயாது, அக்னி வெயிலில் காய்ந்த வேகத்திலேயே வெடிக்கும். சவுக்குக் கழிகளில் சாரம் கட்டி, மேலே கீற்றுப் பந்தல் போட்டுக் குதிரையை நிழலுக்குள் கொண்டுவந்தோம்.

முதலில் பெயின்ட். பெயர்ந்த ஒரு சில்லை விளிம்பு தெரியத் திருப்பிப் பிடித்தால் நீலம், ரோஸ், மறுபடி நீலம், வெள்ளி என்று ஒவ்வொரு திருவிழாவும் அடுக்கடுக்காகத் தெரிந்தது. அடியில், சுண்ணாம்பை ஒட்டியபடி, மங்கிய காவியும் கரிக்கோடும். பழைய எனாமலில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது, கிரைண்டர் மெஷினைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கீழே தார்ப்பாய் விரித்து, தண்ணீர் தெளித்து நனைத்து, தகட்டுக் கரண்டியால் சுரண்டி எடுத்தோம். சித்தாள்கள் முகத்தில் துணி கட்டுவதற்கு முணுமுணுத்தார்கள். கட்டாதவர்களுக்குச் சாரத்தில் வேலை இல்லை என்ற பிறகு கட்டினார்கள். தார்ப்பாயில் சேர்ந்ததையெல்லாம் மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டு வைத்தோம்.

சேணத்தின் மடிப்புக்கு அடியில், கைக்கு எட்டாத உயரத்தில், ஓர் உள்ளங்கை அளவு மட்டும் எல்லா அடுக்குகளையும் அப்படியே விட்டுவைத்தோம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறை மேலடுக்கை உரித்தெடுத்தபோது அதை வீசிவிடவில்லை. தனிப் பலகைகளில் ஒட்டிக் காப்பாற்றியது. எங்கள் ஊர் எனாமலுக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. என்றாலும் நாளைக்கு யாராவது இந்தக் குதிரை என்னென்ன நிறத்தில் நின்றது என்று கேட்டால் காட்ட ஓர் இடம் வேண்டும்.

சிமென்ட் தோலை எடுப்பதில் மேஸ்திரி ஒரு நியதி வைத்திருந்தார். தட்டினால் வெற்றுச் சத்தம் வருகிற இடத்தை மட்டும் எடுக்க வேண்டும். கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தைச் சீண்டக் கூடாது. சீண்டினால் அது பழைய காரையையும் பிய்த்துக்கொண்டு வரும். கழுத்தின் இடப்பக்கத்தில் இரண்டு முழம் நீளத்துக்குச் சிமென்ட் இன்னும் இருக்கிறது. எனக்கு அது உறுத்தல்தான். ஆனால் சரியான முடிவு.

வால் வேறு விதமான தலைவலி. பழைய பழுதுபார்ப்பில் உள்ளே இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். இரும்பு துருப்பிடித்தால் தான் இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே இடம் கேட்கும். வால் நெடுக வெடித்திருந்தது அதனால்தான். கம்பியை உருவிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினோம். திடலைவிட்டுப் போன ஒரே பொருள் அது. அதற்கு மாற்றாக மோட்டார் ரீவைண்டிங் கடையில் செம்புக் கம்பி வாங்கினோம். நம் பக்கத்தில் பம்புசெட் மோட்டார் கருகாத மாதம் உண்டா? உரித்துப் போட்ட சுருள்கள் அங்கே குவிந்து கிடக்கும். நாலைந்து இழைகளைச் சேர்த்து முறுக்கினால் காதுக்கும் வாலுக்கும் பிடரிமயிருக்கும் போதுமான பலம் கிடைக்கிறது. செம்பு இரும்பைப்போலத் துருவேறிப் பருத்து காரையை வெடிக்க வைக்காது. கம்பி கருகியிருந்ததைப் பார்த்து மேஸ்திரிக்கு முதலில் பிடிக்கவில்லை. ஒரு முறுக்கை வளைத்துப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

குப்பைக்கு வருவோம். உதிர்ந்த பழைய காரையை உலக்கையால் இடித்து இரண்டு சல்லடைகளில் சலித்தோம். பெரிய சல்லடையில் நின்றவை சுண்ணாம்பு முடிச்சும் செங்கல் சில்லும். சிறிய சல்லடையில் நின்றது பழங்காலத்து ஆற்று மணல். இன்று அந்த மணலுக்கு எங்கே போவது? சலித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், அடியில் விழுந்த தூளில் தண்ணீர் ஊற்றினால் மறுபடி சுண்ணாம்பாகிவிடுமா என்று கேட்டான். ஆகாது. பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகவே மாறியிருக்கிறது. சூளையில் வைத்துச் சுட்டாலொழிய அது எதையும் பிடிக்காது. ஆனால் புதிய சாந்தில் மணலோடு மணலாகச் சேர்க்கலாம். நுண்துளை உள்ள பொடி என்பதால் காற்று உள்ளே போக வழிவிடும், சாந்து இறுக உதவும். மணலில் பாதிக்கு இதையே சேர்த்தோம். அதற்கு முன் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பை நீக்கினோம்; காலடியில் விழுந்த காரையை மட்டும் சேர்க்கவில்லை, அதில் உப்பு அதிகம்.

செங்கல் தூளுக்குத்தான் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. காலில் ஈரம் ஏறுகிற இடத்தில் வெறும் சுண்ணாம்பு நிற்காது. சுட்ட களிமண்ணைப் பொடித்துச் சேர்த்தால், அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். அதற்கு அதிகம் வேகாத மண் வேண்டும். பெரிய சூளையில் சுடுகிற இன்றைய சேம்பர் செங்கல் உச்சத்தில் வெந்தது. அதன் தூள் மணலைப்போலச் சும்மா கிடக்கும். மேஸ்திரியின் பார்வை திடலின் ஓரத்துக்குப் போனது. அங்கே நேர்த்திக்கடனாக வைத்த மண் குதிரைகள் பல தலைமுறையாக உடைந்து குவிந்திருந்தன. திறந்த சூளையில் வைக்கோலும் வறட்டியும் போட்டு மிதமான சூட்டில் சுட்டவை. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான மண் கிடைக்காது.

"ஐயனாருக்குக் கொடுத்ததை எடுத்து இடிப்பதா?" என்று பெண்கள் சிலர் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். ஒவ்வொரு குதிரைக்கும் பின்னால் ஒரு பிள்ளையின் காய்ச்சல், ஒரு வழக்கு, தொலைந்துபோன ஒரு மாடு இருக்கிறது. அவற்றைச் செய்த குடும்பத்தைச் சேர்ந்த வேளாரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "உடைந்த மண் மண்ணோடு சேர வேண்டியதுதானே" என்றார். கடைசியில் பூசாரி தீர்த்துவைத்தார். "வெளியே கொண்டுபோனால்தான் குற்றம். அவருக்குக் கொடுத்தது அவர் குதிரைக்குள்ளேயே போகிறது, அம்மா. முழுசாக இருப்பதைத் தொடாதீர்கள்" என்றார். கோபப்பட்டவர்களில் இரண்டு பேர் மறுநாள் உலக்கை பிடிக்க வந்தார்கள். சாம்பிராணி காட்டிய பிறகே இடித்தோம். இடித்ததை மெல்லிய துணியில் சலித்தோம்.

சுண்ணாம்பு, கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடற்கரைப் பக்கத்திலிருந்து சுட்ட சுண்ணாம்பாகவே வந்தது. கணக்குப்படி நூறு கிலோ சுத்தமான கிளிஞ்சலைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிலோ மிஞ்சும். பூசிய பிறகு சுவர் அந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் இறுகுகிறது. சூளையில் எரித்த விறகின் புகை திரும்ப வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிமென்ட்டுக்கு இந்த அளவுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் குணம் கிடையாது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் அந்தத் தொழிலுடையது. சிமென்ட் விற்று வாழ்கிற நான் இதை எழுதுவது வேடிக்கைதான்.

குழி வெட்டி, நல்ல தண்ணீரில் சுண்ணாம்பை நீற்றினோம். கொதித்து அடங்கிய பிறகும் தண்ணீருக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கிடந்தது. எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவுக்கு வெண்ணெய்ப் பதம் வரும். இதற்கிடையில் கடுக்காயை உடைத்துக் கொட்டையை நீக்கி, கருப்பட்டியோடு பானையில் ஊறப்போட்டார் மேஸ்திரி. கொட்டையை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு என்று படித்ததில்லையா? மருந்துக்கு ஆகாதது சாந்துக்கும் ஆகாது" என்றார். அது வைத்தியமா வேதியியலா என்று நான் ஆராயவில்லை. கருப்பட்டியின் சர்க்கரை சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரைய வைக்கும் என்பது மட்டும் தெரியும். பானை புளித்து நுரை கட்டியதும் அந்தத் தண்ணீரை வடித்துத்தான் சாந்து குழைத்தோம். மாடு கட்டிக் கல் உருளை இழுக்க இன்று யாரிடமும் நேரமில்லை. ஒரு வாடகை அரவை இயந்திரம் அந்த வேலையைச் செய்தது. கால்களுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு மண்குதிரைத் தூள், இரண்டு பங்கு மணலும் பழங்காரைப் பொடியும். உடம்புக்குத் தூளைக் குறைத்துக்கொண்டோம்.

சாந்து ஊறிக்கொண்டிருந்த நாட்களில் காலிலிருந்த உப்பை உறிஞ்சி எடுத்தோம். பழைய நோட்டுப் புத்தகத் தாளைக் கூழாக அரைத்து, ஈரக் கூழைக் கால் முழுக்க அப்பிவிட வேண்டும். உள்ளேயிருக்கும் உப்பு ஈரத்தோடு வெளியே வந்து கூழில் படியும். காய்ந்ததும் பிய்த்து எறியலாம். முதல் உரிப்பைத் தண்ணீரில் போட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல கரிப்பு. கரிப்புக் குறையும் வரை கூழ் மாற்றிக்கொண்டே இருந்தோம். உப்பு அரித்து மாவான செங்கற்களை மட்டும் எடுத்துவிட்டு, அதே கனத்தில் பழைய செங்கல் தேடினோம். இடிந்துபோன ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் கிடைத்தது. இன்றைய கல் கனம் அதிகம், பழைய வரிசையில் உட்காராது. பீடத்தை ஒட்டியிருந்த கான்கிரீட் தளத்தைக் கையெட்டும் அகலத்துக்கு உடைத்தெடுத்து, செங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பி, அதன்மேல் சாந்து இல்லாமல் செங்கல் அடுக்கினோம். இந்த ஒரு வேலை செய்யாமல் மேலே என்ன பூசினாலும் வீண்.

பிறகு மேஸ்திரியின் கை. நான் பக்கத்தில் நின்று பார்த்தது பின்னங்கால் குளம்பு. நனைத்த செங்கல்மேல் தேங்காய் நார் கலந்த முரட்டுச் சாந்தை உள்ளங்கையால் அறைந்து ஒட்டினார். பூச்சுக் கரண்டியான கரணை அப்போது வரவில்லை. கட்டைவிரல் அழுந்தாமல், நகம் மட்டும் கீறுகிற பதம் வந்ததும் தட்டையான மரக்கட்டையால் மெல்ல அடித்துக்கொண்டே இருந்தார். சுண்ணாம்பு வற்றும்போது விடுகிற விரிசலை அந்த அடி மூடுகிறது. அடுத்த அடுக்கு பிடிக்க ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறல். அதன்மேல் மெல்லிய அடுக்கு. மூங்கில் சீவலால் குளம்பின் பிளவை ஒரே இழுப்பில் வெட்டினார். குதிரைக் குளம்பில் பிளவு ஏது என்று கேட்டேன். பிளந்த குளம்பை விரலால் தடவிப் பார்த்தார். "மாட்டைப் பார்த்துச் செய்திருக்கிறான். பழையவன் செய்ததை நான் திருத்த முடியாது, தம்பி" என்றார். அந்தப் பிளவு அடியில் மிச்சமிருந்த பழைய காரையிலும் அப்படியே இருந்தது.

விழுந்த தாடை பூசாரி வீட்டுக் கொல்லையில் கிடைத்தது. செம்பு ஆணி வைத்து, கடுக்காய்த் தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பால் ஒட்டினோம். காது கிடைக்கவே இல்லை. சேணத்து மணிச்சரம் எப்படி இருந்தது என்பதற்கும் யாரிடமும் தெளிவில்லை. அதற்குத் துப்புக் கொடுத்தவை கல்யாண ஆல்பங்கள். திடலில் குதிரை முன்னால் மாப்பிள்ளை, பெண்ணை நிறுத்திப் படமெடுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் வெகுநாளாக உண்டு. ஜோடிகளின் தோளுக்கு மேலே காதின் சாய்வும் மணிகளின் வரிசையும் தெளிவாக விழுந்திருந்தன. வீடு வீடாகப் போய் ஆல்பம் புரட்டியதில் வேலை கொஞ்சம் தாமதமானது. காப்பி நிறைய குடித்தோம்.

வண்ணத்தில் இளைஞர்களோடு உரசல். அவர்கள் கைப்பேசியில் பளபளக்கும் நீலக் குதிரைகளைக் காட்டினார்கள். எனாமல் மறுபடி ஏறினால் இத்தனை வேலையும் பாழ் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மேஸ்திரி கடைசி மென்சுண்ணாம்பைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தொடையில் ஒரு முழம் இடத்துக்குப் பளபளப்பு ஏற்றிக் காட்டியதும் அடங்கினார்கள். உடம்பு வெள்ளை. சேணத்துக்குக் காவி, மஞ்சள் காவி, கரி. நீலம் வேண்டும் என்ற பிடிவாதத்துக்காகக் கடிவாளத்தில் அல்ட்ராமரின் தூள், அது சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். ஆண்டுதோறும் தை மாதத்தில் ஊரே சுண்ணாம்புப் பால் அடித்துக்கொள்ளலாம் என்பது இந்த வெள்ளையின் வசதி. அதற்கு ஸ்தபதியும் வேண்டாம், நானும் வேண்டாம்.

பெயின்ட் படாத சிமென்ட் ஓடுகளும் உடைத்த தளமும் குளத்துப் பாதைக்கு அடியில் போயின. பெயின்ட் ஒட்டிய ஓடுகளையும் சுரண்டலையும் அங்கே போட முடியாது. ஈயம் குளத்துக்கு இறங்கிவிடும். அவை மூன்று பீப்பாய்களாகக் கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் மூடி இறுக்கி நிற்கின்றன. சாதாரணக் குப்பை வண்டியில் ஏற்றக் கூடாது, அபாயக் கழிவு எடுக்கும் உரிமம் உள்ளவர்களிடம் சேர்க்க வேண்டும். இவ்வளவு சிறிய அளவுக்காக அவர்கள் இவ்வளவு தூரம் வரத் தயாராக இல்லை. பக்கத்து ஊர்க் கோயில்களில் இதே வேலை நடந்தால் சேர்த்து அனுப்பலாம் என்று பேசி வைத்திருக்கிறேன்.

சென்ற மழைக்குப் பிறகு இடது பின்னங்காலில், கணுக்கு மேல், கைவிரல் அகலத்துக்கு மறுபடி உப்பு பூத்திருக்கிறது. வலது கால் சுத்தமாக இருக்கிறது. இடது பக்கம் திடல் சற்றுப் பள்ளம், தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. தை வெள்ளைக்கு முன்னால் வாய்க்காலைச் சற்று ஆழப்படுத்திவிட்டு, இன்னொரு முறை காகிதக் கூழ் அப்ப வேண்டும். பழைய நோட்டுகள் இருப்பவர்கள் எடைக்குப் போடாமல் வைத்திருக்கும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன்.